ஒரே பெயர், ஐந்து ஆவணம், ஒன்றுக்கொன்று ஒத்துவராத வருஷங்கள்: எதை நம்புவது?

மருதநிலம் கேட்டது:

வணக்கம். குடும்ப வரிசையை எழுதிக்கொண்டு வருகிறேன். கொள்ளுத் தாத்தாவிடம் வந்து முட்டி நிற்கிறது. பெயர் ராமசாமி, அவருடைய அப்பா வேலாயுதம், ஊர் பழைய தஞ்சாவூர் ஜில்லா. கையில் இருப்பவை இவை:

1. ஜாதக நோட்டு. வருஷப் பெயரில் "குரோத" வரைதான் தெரிகிறது. அடுத்த எழுத்து இருந்த இடம் செல்லரித்துவிட்டது. ஆவணி 12, சனிக்கிழமை, பூரட்டாதி, தேய்பிறை துவிதியை (இரண்டாம் திதி). ராசிக் கட்டத்தில் ராகு சிம்மம், சனி மகரம். "சிரஞ்சீவி ராமசாமி ஜனனம்" என்று மட்டும் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை.

2. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டு நகல்: பிறந்த தேதி 1-7-1907.

3. 1934 கிரயப் பத்திரம்: "வேலாயுதம் குமாரர் சுமார் 30 வயதுள்ள ராமசாமி".

4. 1971 இறப்புச் சான்று: வயது 70.

5. 1898 கிரயப் பத்திரம், விளம்பி வருஷம் ஐப்பசி மாதம்: நிலம் வாங்கியவர் "வேலாயுதம் குமாரர் ராமசாமி".

ஐந்தாவதுதான் தலையைச் சுற்றுகிறது. 1904லோ 1907லோ பிறந்தவர் 1898ல் எப்படி நிலம் வாங்குவார்? இதற்கு மேல், ஜாதகமே கொள்ளுத் தாத்தாவுடையது அல்ல, அவருடைய சித்தப்பா மகன் இன்னொரு ராமசாமி குரோதன வருஷத்தில் (1925) பிறந்தார், அவருடையது என்கிறார் பெரியப்பா. பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடலாமா?

ஓலைநறுக்கு பதில்:

பெரும்பான்மை இங்கே உதவாது. ஐந்தும் ஒரே ஆளைப் பற்றியவை என்று தெரிந்தால்தானே எண்ணிப் பார்க்க முடியும்? அதுதான் இன்னும் தெரியவில்லை. எந்தத் தேதி சரி என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஆவணம் எந்த ராமசாமியுடையது என்று பிரிக்க வேண்டும். ஜாதகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பதில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளக்கூடிய ஆவணம் அது ஒன்றுதான்.

வருஷப் பெயர் அறுபதுக்கு ஒருமுறை திரும்ப வரும். குரோதி என்றால் 1844, 1904, 1964. குரோதன என்றால் 1865, 1925. பெரியப்பா 1925 என்கிறார், நீங்கள் 1904 என்று நினைக்கிறீர்கள். 1844ஐ யாரும் யோசிக்கவில்லை. ஆனால் 1898ல் நிலம் வாங்கிய ராமசாமி 1844ல் பிறந்திருந்தால் அப்போது 54 வயது, கச்சிதமாகப் பொருந்தும். ஆகவே ஜாதகம் அவருடையதாகவும் இருக்கலாம். மூன்றையும் சோதிப்போம்.

ஆவணி 12 அந்தந்த வருஷத்தில் வரும் நாள்:
1844: ஆகஸ்ட் 26, திங்கள்.
1904: ஆகஸ்ட் 27, சனி.
1925: ஆகஸ்ட் 28, வெள்ளி.

ஒரே ஆவணி 12க்கு ஏன் மூன்று ஆங்கிலத் தேதி என்று கேட்பீர்கள். நம் சூரிய வருஷம் ஆங்கில வருஷத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் மாதப் பிறப்பு மெல்ல மெல்லத் தள்ளிப்போகும். 1900 ஆங்கிலக் கணக்கில் லீப் வருஷம் இல்லாததால் அங்கே மட்டும் ஒரே தாவலாக ஒரு நாள் நகர்ந்துவிட்டது. இப்போது சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14 என்பதை வைத்துக்கொண்டு 1890களுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு நாள் பிசகும். இணையத்தில் கிடைக்கும் மாற்றுப் பட்டியல் பலவற்றில் இந்தப் பிழை இருக்கிறது.

கிழமை 1904க்குச் சரியாக உட்காருகிறது. 1925க்கு ஒரு நாள்தான் வித்தியாசம், மாதப் பிறப்பு பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் மாறுவது சகஜம், ஆகவே கிழமையை மட்டும் வைத்து 1925ஐத் தள்ளிவிட மாட்டேன். நட்சத்திரத்தைப் பாருங்கள். 1925 ஆகஸ்ட் 28 அன்று சந்திரன் கேட்டையில், அதுவும் வளர்பிறையில். மறுநாள் சனிக்கிழமை என்று வைத்தாலும் மூலம்தான். பூரட்டாதி எங்கே, மூலம் எங்கே? 1904 ஆகஸ்ட் 27ல் பௌர்ணமி கழிந்து தேய்பிறை தொடங்கியிருந்தது, பூரட்டாதியும் அன்றே. சனியும் அதையே சொல்கிறது: 1904ல் மகரம், 1925ல் துலாம்.

1844ஐத் தள்ளச் சனி உதவாது. அறுபது வருஷத்தில் சனி ஏறக்குறைய இரண்டு சுற்று, குரு ஐந்து சுற்று முடித்து அதே பக்கம் வந்து நிற்கும். அறுபதாண்டுச் சுழற்சியே அதை ஒட்டியதுதான். அதனால் குருவையும் சனியையும் பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று 60 வருஷம் தவறிப்போகிறவர்கள் நிறைய. ராகு அப்படியல்ல. ஒரு சுற்றுக்கு சுமார் 18.6 வருஷம், அறுபது வருஷத்தில் மூன்று சுற்றும் கிட்டத்தட்ட கால் சுற்றும். ஆக, இரண்டு மூன்று ராசி தள்ளித்தான் நிற்க முடியும். 1844 ஆவணியில் ராகு விருச்சிகம், 1904 ஆவணியில் சிம்மம். உங்கள் நோட்டில் சிம்மம்.

ஜாதகம் 1904தான், குரோதி. இன்னும் ஒன்று செய்து பாருங்கள். பழைய நோட்டில் வருஷம் என்ற சொல்லை எழுதாமல் ௵ என்ற குறியைப் போடுவார்கள். செல்லரித்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். "குரோதி௵" என்றால் த-வின் தலைக்கு மேல் கொக்கியின் வளைவு ஏறியிருக்க வேண்டும். "குரோதன௵" என்றால் த-வுக்கும் குறிக்கும் நடுவே ஒரு முழு எழுத்தின் அகலம் இருக்க வேண்டும். எழுத்து அழிந்தாலும் இடம் அழியாது.

தேதி தமிழ் எண்ணில் இருந்தால் அதையும் மறுபடி பாருங்கள். ௪, ௬ இரண்டும் (ச, சு போல) கைவேகத்தில் ஒன்றாகிவிடும். ௰௨ என்பது பன்னிரண்டு. ௰-ஐச் சுழி என்று எண்ணி 2ஆம் தேதி என்று எழுதி வைத்தவர்களும் உண்டு.

பழம்பதிவு பதில்:

1898 பத்திரம் பிழையில்லை, அது வேறு ராமசாமி. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் குடும்பத்தில் வரிசை இப்படித்தான் ஓடும்: வேலாயுதம், அவர் மகன் ராமசாமி, அவர் மகன் வேலாயுதம், அவர் மகன் ராமசாமி. "வேலாயுதம் குமாரர் ராமசாமி" என்ற வாசகம் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அச்சுப் பிசகாமல் திரும்ப வரும். பாட்டனுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு வீட்டிலும் ஒரு ராமசாமி. பெரியப்பா சொல்லும் 1925 ராமசாமி உண்மையாகவே இருந்திருப்பார். ஜாதகம்தான் அவருடையது அல்ல. இந்த மாதிரிக் குடும்பங்களில் பெயர் ஒத்துப்போவதைச் சான்றாகவே எடுக்காதீர்கள். எனக்கு அது சந்தேகத்தைத்தான் கூட்டும்.

ஊகத்தைச் சான்றாக மாற்ற மூன்று வேலை இருக்கிறது.

முதலில், 1898, 1934 பத்திரங்களின் சொத்து விவரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கெல்லையைப் படியுங்கள். அளவு மாவிலும் குழியிலும் இருக்கும் (100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி). சர்வே எண் மாறியிருந்தாலும் வாய்க்காலும் கோயில் நிலமும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பக்கத்து நிலத்துக்காரர் பெயர் மட்டும் ஒரு தலைமுறை இறங்கியிருக்கும். அதே நிலம்தான் என்றால், அது கைமாறிய வழியை 1934 பத்திரம் சொல்லியே ஆக வேண்டும்: "பிதுரார்ஜிதமாய் (தகப்பன் வழிச் சொத்தாக) எனக்குப் பாத்தியப்பட்ட", "என் பாட்டனார் கிரயம் பெற்று அனுபவித்து வந்த" என்கிற வரிகளைத் தேடுங்கள். பலர் பெயரையும் விலையையும் பார்த்துவிட்டு இந்தப் பத்தியைத் தாண்டிவிடுகிறார்கள். வம்சாவளி இருப்பதே அங்கேதான்.

இரண்டாவது, கையெழுத்தும் ரேகையும். 1898 பத்திரத்தில் அவர் வாங்கியவர் என்பதால் அவருடைய கையெழுத்து இல்லாமலே போகலாம். அவர் எழுதிக் கொடுத்த அல்லது சாட்சி போட்ட வேறு ஆவணம் கிடைத்தால் ஒப்பிடுங்கள். பாட்டன் பெருவிரல் ரேகை, பேரன் சுத்தமான கையெழுத்து என்றால் இரண்டு ஆள் என்பதற்கு அது நல்ல துணைச் சான்று.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கனமானது: பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி பிரிந்திருந்தால் பங்குக்காரர் எல்லோரும் தகப்பன் பெயரோடு வரிசையாக வருவார்கள். மைனர் என்றால் கார்டியன் பெயரோடு வருவார்கள். 1875 சட்டப்படி 18 முடிந்தால் மேஜர் (கோர்ட் கார்டியன் நியமித்திருந்தால் 21). வயது என்று ஒரு எண் எழுதியிருப்பதைவிட "மைனர்" என்ற ஒரு சொல் எனக்குப் பெரிது. "சுமார் 30" என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லலாம், கேட்க ஆளில்லை. ஆனால் மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903லேயே பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மற்றப் பங்குக்காரர்கள் அதில் ஏமாற விரும்ப மாட்டார்கள். 1904ல் பிறந்தவர் 1922 ஆவணியோடு மேஜர். 1907 ஜூலையில் பிறந்தவர் 1925 ஜூலையில்தான். அந்த இடைவெளியில் ஏதாவது பத்திரம் விழுந்திருந்தால் வழக்கு முடிந்தது.

தேடும் முறை: இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவகத்தில் மனுப் போட்டு, 1 புத்தகத்தின் (நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவேடு) இரண்டு அட்டவணைகளையும் தேடச் சொல்ல வேண்டும். முதல் அட்டவணை ஆள் பெயர் வாரி, இரண்டாவது சொத்து வாரி. பெயர் வாரியில் ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி மூன்றையும் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கிராமத்தின் பெயரில் சொத்து வாரியைக் கேளுங்கள். அது சில சமயம் பெயர் வாரியில் தப்பியதைப் பிடித்துவிடும். உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதையும் முதலில் விசாரியுங்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் பகுதிகளே 1991ல் நாகப்பட்டினமாகவும் 1997ல் திருவாரூராகவும் 2020ல் மயிலாடுதுறையாகவும் ஆயின. இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் பதிவு இல்லை என்ற பதில்தான் வரும். அந்த அலுவலகத்தில் இல்லை என்பதே அதற்கு அர்த்தம்.

கிராமக்கணக்கு பதில்:

பள்ளித் தேதியையும் இறப்பு வயதையும் பற்றிச் சுருக்கமாக.

1-7-1907 பிறந்த தேதி அல்ல, சேர்த்த தேதியிலிருந்து பின்னோக்கிப் போட்ட தேதி. தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று எழுதிக்கொண்ட காலம் அது. ஜூன் 1, ஜூலை 1 என்று வரிசையாக ஒரே தேதி வருகிறதா என்று அதே பக்கத்தில் மற்றப் பிள்ளைகளின் வரியையும் பாருங்கள். நகலை மட்டும் வைத்திருந்தால் இது தெரியாது, மூலப் பதிவேட்டின் முழுப் பக்கம் வேண்டும். இரண்டு மூன்று வயது குறைத்துப் போடுவதும் வழக்கம்தான், சர்க்கார் உத்தியோகத்துக்கு வயது வரம்பு இருந்ததால். பள்ளித் தேதி பிழையாக இருந்தால் பெரும்பாலும் இளமைப் பக்கம்தான் சாயும். உங்கள் கணக்கிலும் அப்படியே.

இறப்பு வயது எதிர்ப்பக்கம் சாயும். 70 முழு எண். துக்க வீட்டிலிருந்து போய் யாரோ சொன்னது. அந்த வயதில் பெரியவர்களுக்கு 66ஐ 70 என்பதும், நடப்பு வயதைச் சொல்வதும் இயல்பு. இறப்புச் சான்றை இறந்த தேதிக்கு நம்புங்கள், பிறந்த வருஷத்துக்கு நம்பாதீர்கள்.

கிஸ்து (நிலவரி) ரசீது, அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) ஏதாவது கிடைத்தால் அதில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு எண் இருக்கும்: 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருஷம், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1314 என்றால் 1904 ஜூலை தொடங்கி 1905 ஜூன் முடிய. தமிழ் வருஷத்தையும் அப்படியே கவனியுங்கள். 1898 பிப்ரவரிப் பத்திரத்தில் ஹேவிளம்பி என்று இருந்தால் அது பிழையல்ல, விளம்பி சித்திரையில்தான் பிறக்கும். உங்களுடையது ஐப்பசி, விளம்பி, 1898: ஒத்துப்போகிறது. சுபகிருது–சோபகிருது, விரோதி–விரோதிகிருது, துன்முகி–துன்மதி ஜோடிகளும் இதே மாதிரி ஆளை ஏமாற்றும்.

மருதநிலம் மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரத்தில் கிடைத்ததை எழுதுகிறேன்.

பாகப்பிரிவினை கிடைத்தது, சொத்து வாரி அட்டவணையில். 1924 ஜூன், ரக்தாட்சி வருஷம். பெயர் வாரியில் வேலாயுதத்தின் தம்பி பெயரின் கீழே விழுந்திருந்ததால் முதல் தேடலில் சிக்கவில்லை. முதல் பார்ட்டி வேலாயுதம், இரண்டாவது "மேற்படியாரின் மேஜர் குமாரர் ராமசாமி", மூன்றாவது தம்பி. தம்பிக்குப் பிள்ளை எவரும் சொல்லப்படவில்லை. ராமசாமி கையெழுத்துப் போட்டிருக்கிறார். சொத்து விவரத்தில் "நம் பிதா காலஞ்சென்ற ராமசாமி அவர்கள் 1898ஆம் வருஷம் கிரயம் பெற்ற" என்று இருக்கிறது. எல்லையும் ஒத்துப்போகிறது.

நோட்டையும் படமெடுத்தேன். த-வுக்கு மேலே வளைவின் நுனி தெரிகிறது, குறி ஒட்டியே நிற்கிறது. அதே பக்கத்தில் கீழே நான் கவனிக்காத ஒரு வரி: "உதயாதி நாழிகை 48". ஆகவே 27-8-1904 என்று எழுதிவிடலாமா?

பழம்பதிவு பதில்:

தம்பிக்குப் பிள்ளை சொல்லப்படாததைக் கவனித்தீர்களா? 1925ல் பிறந்தவர் 1924 பத்திரத்தில் இருக்க முடியாது. பெரியப்பா சொன்ன வருஷத்தோடு அது பொருந்துகிறது. அவர் ஞாபகத்தைத் தள்ளிவிடாதீர்கள், அந்த ராமசாமிக்குத் தனி வரி போட்டு "வாய்மொழி" என்று குறித்து வையுங்கள். 1907ஐ இந்தப் பத்திரம் முடித்துவிட்டது: அந்தக் கணக்கில் 1924 ஜூனில் அவருக்கு 17கூட நிறைந்திருக்காது.

பள்ளித் தேதியை அழிக்க வேண்டாம். அவருடைய சர்வீஸ் பதிவேடோ பென்ஷன் காகிதமோ பின்னால் கிடைத்தால் அதில் 1-7-1907தான் இருக்கும். அவர்தான் இவர் என்று அடையாளம் காண அப்போது அது வேண்டியிருக்கும்.

ஓலைநறுக்கு பதில்:

27 என்று எழுதாதீர்கள். உதயாதி நாழிகை என்பது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது, ஒரு நாழிகை 24 நிமிடம். 48 நாழிகை என்றால் 1,152 நிமிடம், அதாவது 19 மணி 12 நிமிடம். உதயம் காலை 6 என்று வைத்தால் நள்ளிரவு தாண்டி 1 மணி 12 நிமிடம். நமக்கு மறு உதயம் வரை அதே நாள், அதனால் நோட்டில் சனிக்கிழமை, ஆவணி 12. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவிலேயே தேதி மாறிவிட்டது: 28-8-1904, ஞாயிறு. துவிதியையும் அந்த நேரத்துக்குத்தான் சரி, 27ஆம் தேதி விடியும்போது இன்னும் பிரதமை (முதல் திதி).

இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: "குரோதி வருஷம் ஆவணி 12 சனிக்கிழமை பின்னிரவு, பூரட்டாதி, ஆங்கிலத் தேதி 28-8-1904". 28 என்று மட்டும் எழுதினால் பின்னால் வரும் யாராவது காலண்டரில் ஞாயிறு என்று பார்த்துவிட்டு, நோட்டில் சனி இருக்கிறதே என்று திருத்திவிடுவார்கள். நாழிகைக் கணக்கையும் அடியிலேயே போட்டு வையுங்கள்.

அடுத்தது பாட்டனார் ராமசாமி. 1898 ஐப்பசியில் இருக்கிறார், 1924 ஜூனில் இல்லை. வீட்டில் திவசம் கொடுக்கும் திதி யாருக்காவது நினைவிருந்தால் மாதமும் பட்சமும் அதிலிருந்து கிடைத்துவிடும். கிராம இறப்புப் பதிவேட்டில் 26 வருஷத்தையும் புரட்ட வேண்டாம், ஒவ்வொரு வருஷத்திலும் அந்தப் பதினைந்து நாளை மட்டும் பாருங்கள்.